புதுப்பிப்பு: சொல் பரிந்துரையில் வெட்டியதும் ஒட்டியதும்

போன வாரம் கேட்டிருந்தேன்: நான் எழுதிவரும் தமிழ் விசைப்பலகையில், சொல் பரிந்துரைக்கு முன் எழுத்தைச் சீர்படுத்தும் கோட் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்றைத் தூக்கலாமா? பலரும் தூக்கச் சொன்னீர்கள். தூக்கிவிட்டேன்.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’வை க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் வைக்கலாம், க-வும் ‘ொ’ குறியுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், அகராதித் தேடலுக்கு வேறு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்படுத்தும் முறை இவற்றை ஒன்றாக்கிவிடும். எழுத்து உள்ளே வரும்போதே அது நடக்கிறது. அப்புறம் நான் கையால் எழுதிய பதிலீட்டு வரிகள் எதற்கு?

அழித்துவிட்டு, எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது ‘பொங்கோல்’ என்று தட்டிப் பார்த்தேன். (ஊர்ப் பெயரிலேயே ‘பொ’, ‘கோ’ என இரண்டு சோதனையும் அடங்கிவிடுகிறது!) சரியாக வந்தது.

ஆனால் பரிந்துரையில் ‘கௌரவம்’ காணாமல் போனது. நம்மில் பலர் அதை ள போட்டு ‘கெளரவம்’ என்று தட்டுகிறோம். ள தனி எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. என் பழைய வரிகளில் ஒன்று இதைத்தான் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதை மட்டும் திரும்ப ஒட்டினேன்.

அதுவும் அப்படியே இல்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்க அம்மாவுக்குப் பட்டியல் தட்டியபோது ‘கெளுத்தி’யை அது ‘கௌ’ ஆக்கி, அநாதையான உகரக் குறியைப் புள்ளிவட்டத்தில் தொங்கவிட்டது. இப்போது ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாது.

‘ஔவை’யை ள போட்டுத் தட்டும் ‘ஒளவை’க்கும் இதே வைத்தியம்தான், இன்னும் செய்யவில்லை.