யாழினியின் கம்ப்யூட்டருக்குக் கேபினெட்: எங்கள் குடும்பக் குழுவில் நான்கு நாள்

புதன்

இரவு 8.05, யாழினி: எல்லாரும் ஒரு யோசனை சொல்லுங்கள். மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் வந்துவிட்டன. இதையெல்லாம் உள்ளே பூட்டும் பெட்டி, அதாவது கேபினெட் மட்டும்தான் பாக்கி. ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இரவு 8.07, முகில்: அக்கா, முன்பக்கமும் பக்கவாட்டும் முழுக்கக் கண்ணாடி உள்ளதை வாங்கு. மீன்தொட்டி மாதிரி இருக்கும். உள்ளே கலர் விளக்கு போட்டால் ஹாலே அழகாகிவிடும்.

இரவு 8.11, அம்மா: புதிதாக எதற்கு? அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே அப்படியே இருக்கிறதே. துடைத்து எடுத்தால் போதாதா?

இரவு 8.20, சித்தப்பா: அண்ணி சொல்வதைத் தட்டிவிட வேண்டாம் யாழினி. அந்தப் பெட்டியை 2008ல் நானும் அண்ணனும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே தூத்துக்குடி வரைக்கும் வந்தோம். போர்டில் திருகு போடும் ஓட்டைகளின் இடம் 1995ல் ஏடிஎக்ஸ் என்ற போர்டு அளவு வந்தபோது வகுத்ததுதான். உன்னுடையது அதிலேயே சின்னதான மைக்ரோ ஏடிஎக்ஸ், 244க்கு 244 மில்லிமீட்டர். பழைய பெட்டியில் சரியாக உட்காரும்.

இரவு 8.22, யாழினி: நிஜமாகவா சித்தப்பா? பதினேழு பதினெட்டு வருஷப் பெட்டியில் இன்றைய போர்டா?

இரவு 8.26, சித்தப்பா: போர்டு உட்காரும். மற்றது உட்காருமா என்பதுதான் கேள்வி. டேப்பை எடு, இரண்டு இடத்தில் அள. ஒன்று, பின்பக்கத் தகரத்தின் உட்புறத்திலிருந்து ஹார்ட் டிஸ்க் கூடு வரைக்கும். இரண்டாவது, போர்டு பூட்டும் தகட்டிலிருந்து பக்கக் கதவு வரைக்கும். கார்டு எவ்வளவு நீளம், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர் எவ்வளவு உயரம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பான். அதையும் பார்.

இரவு 9.02, யாழினி: அளந்துவிட்டேன். எல்லாம் மில்லிமீட்டரில்: பின்பக்கத்திலிருந்து கூடு வரைக்கும் 265. தகட்டிலிருந்து கதவுக்கு 165. கார்டு 304, மூன்று ஃபேன் வைத்தது. கூலர் 155.

இரவு 9.09, சித்தப்பா: அப்போது இரண்டுமே இடிக்கிறது. 165 இருக்கிறதே, 155 கூலருக்குப் போதும் என்று நினைக்காதே. போர்டைத் தாங்கும் பித்தளைக் கால், போர்டு, சாக்கெட், பிராசஸர் எல்லாம் சேர்ந்து ஒரு 15 எடுத்துக்கொள்ளும். கூலரின் உயரத்தைப் பிராசஸரின் தலையிலிருந்துதான் கணக்கிடுவார்கள். ஆக உனக்குக் கிடைப்பது 150. கதவு மூடாது.

இரவு 9.12, முகில்: கூட்டைக் கழற்றிவிட்டால் கார்டாவது உட்காருமே?

இரவு 9.15, யாழினி: ரிவெட் அடித்திருக்கிறார்கள். டிரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்பா பெட்டியில் டிரில் வைக்க எனக்கு மனசு இல்லை.

இரவு 9.16, அம்மா: வேண்டாம். அதில் கை வைக்காதீர்கள்.

இரவு 9.40, யாழினி: அடித்தகட்டின் ஓரமெல்லாம் துருவாகத்தான் இருக்கிறது அம்மா. தொட்டால் செம்பொடியாக விரலில் ஒட்டுகிறது.

இரவு 9.48, சித்தப்பா: உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு, துருப்பிடிக்காமல் இருக்குமா? அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு வெளியே மட்டும் பெயிண்ட். உள்ளே வெறும் துத்தநாகப் பூச்சுதான், வெட்டிய ஓரத்தில் அதுவும் இருக்காது. புதிதாக எடுக்கும்போது உள்ளேயும் பவுடர் கோட்டிங் பெயிண்ட் உள்ளதாகப் பார்ப்போம்.

வியாழன்

காலை 6.30, பெரியப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். யாழினி, நீ எந்தப் பெட்டி வேண்டுமானாலும் வாங்கு. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஓடும்போது பின்பக்கத் திருகைத் தொட்டால் சுர்ரென்று இழுக்குமா?

காலை 6.41, அம்மா: ஆமாம் மாமா. துடைக்கும்போது விரலில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். அவரும் செருப்பு போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

காலை 6.55, பெரியப்பா: நினைத்தேன். ஹாலில் இருக்கும் பாயிண்டில் எர்த் இல்லை. மின்வாரியத்தில் முப்பது வருஷம் இதைத்தான் வீடு வீடாகப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் தகரத்துக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் 230ல் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், தகரத்திலேயே நிற்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகரத்தைத் தொட்டால் முழுக் கரண்டும் அதில் ஏறும். எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸும் போகாது, யாராவது தொடுகிற வரைக்கும் வெளியே தெரியவும் தெரியாது.

காலை 6.58, பெரியப்பா: இன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மூன்று பின்னில் மேலே தடியாக, நீளமாக இருக்கிறதே, அது போகும் ஓட்டையில் வயர் இருக்கிறதா, அந்த வயர் எர்த் குழி வரைக்கும் போகிறதா என்று பார்க்கச் சொல். பெட்டி அதற்கப்புறம்.

காலை 7.10, யாழினி: சரி பெரியப்பா. காலேஜ் போவதற்கு முன்னால் போன் பண்ணிவிடுகிறேன்.

மாலை 6.15, அத்தை: நானும் ஒன்று சொல்கிறேன். போன வருஷம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் போர்டின் மேலே பல்லி ஒன்று காய்ந்து கிடக்கிறது. பின்னால் கார்டு போடும் இடத்தில் ஒரு தகரத்துண்டு இல்லை, அந்தச் சந்து வழியாகப் போயிருக்கிறது. கழற்றினால் திரும்பப் பூட்டுகிற மாதிரித் தகரம் உள்ள பெட்டியாகப் பாருங்கள். முறுக்கி ஒடித்து எடுக்கும் தகரத்தைத் திரும்ப மாட்ட முடியாது.

மாலை 6.31, முகில்: அப்போது கண்ணாடி? யாரும் பதிலே சொல்லவில்லையே.

இரவு 8.45, சித்தப்பா: உனக்குத்தான் வருகிறேன் முகில். பக்கவாட்டில் கண்ணாடி இருக்கட்டும், தப்பில்லை. முன்பக்கம் வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் ஹாலே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். பெட்டிக்குள் குளிர்ந்த காற்று என்று ஒன்று வரப்போவதில்லை, அறையில் இருக்கும் காற்றைத்தான் அது இழுக்க வேண்டும். முன்னால் கண்ணாடி வைத்து ஓரத்தில் விரலளவு சந்து விட்டால் ஃபேன் திணறும், சத்தம் போடும். ராத்திரி அதே ஹாலில்தான் அம்மா படுக்கிறார்.

இரவு 8.49, சித்தப்பா: முன்பக்கம் முழுக்க இரும்பு வலை. அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர். முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால், மிச்சக் காற்று சந்து பொந்து வழியாக வெளியே போகும். தூசி வர ஃபில்டர் வழி மட்டும்தான் இருக்கும். தூசி, மாவுப்பொடியில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மாதம் ஒருமுறை குழாயடியில் காட்டி, நன்றாகக் காயவைத்து மாட்டு.

இரவு 8.53, முகில்: சரி சித்தப்பா. வலைக்குப் பின்னால் கலர் ஃபேன் இருந்தால் அதுவும் தெரியும்தானே?

இரவு 8.54, சித்தப்பா: தெரியும். அது என் செலவு, உனக்காக.

சனி

காலை 11.20, சித்தப்பா: அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்து வந்துவிட்டேன். முதல் கடையில் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து 1,900க்குத் தருகிறேன் என்றார்கள். நம்மிடம் 650 வாட் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு காலத்தில் அப்படிச் சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் ஒன்று என்னிடம் வெடித்துப் போர்டையும் சேர்த்துக்கொண்டு போனது.

நண்பகல் 12.05, சித்தப்பா: மூன்றாவது கடை. போட்டோ பாருங்கள். கறுப்பு, முன்னால் வலை, இடப்பக்கம் கண்ணாடி, விலை 4,600. கார்டு 330 வரை என்று அட்டையில் இருக்கிறது. ஃபேன் மாட்டாத அளவைப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு, ஒரு ஃபேனே 25 மில்லிமீட்டர். அதனால் நானே டேப் வைத்தேன். ஃபேன் மாட்டிய பிறகும் 331. உன் 304 தாராளமாக உட்காரும்.

நண்பகல் 12.07, யாழினி: கூலர்?

நண்பகல் 12.09, சித்தப்பா: தகட்டிலிருந்து கண்ணாடிக்கு 181. பதினைந்து போனால் 166. உனக்கு வேண்டியது 155. கதவைத் தூக்கிப் பார்த்தேன், தகரம் கையில் வளையவில்லை. உள்ளேயும் கறுப்புப் பூச்சு. பின்னால் தகரமெல்லாம் திருகு போட்டவை, அத்தையிடம் சொல். முன்னால் டைப் சி உண்டு, உன் போர்டில் அதற்கான முனை இருக்கிறதா?

நண்பகல் 12.10, யாழினி: இருக்கிறது சித்தப்பா. வாங்கிவிடுங்கள்!

மாலை 5.30, சித்தப்பா: இன்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். பெட்டியும் என்னோடுதான் வருகிறது.

மாலை 5.34, சித்தப்பா: அண்ணி, ஒரு விஷயம். கண்ணாடிக் கதவைக் கழற்றியதும் டைல்ஸ் தரையில் யாரும் சாய்த்து வைத்துவிடக் கூடாது. நடுவில் தட்டினால் தாங்கும், ஆனால் ஓரம் டைல்ஸில் லேசாகப் பட்டாலே மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும்.

மாலை 5.50, அம்மா: ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு வைக்கிறேன் தம்பி. பெட்டிக்கும் அடியில் ஒரு பலகை போடுகிறேன், தரை துடைக்கும் தண்ணீர் படாமல் இருக்கும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே பூட்டுங்கள்.

மாலை 5.58, அம்மா: பழைய பெட்டியையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துத் தர முடியுமா? பழைய போர்டோடு அது என் அறையில் இருக்கட்டும். அவர் எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

மாலை 6.00, சித்தப்பா: கட்டாயம் அண்ணி. போட்டோக்களை முதலில் யாழினியின் புது டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுவோம். அப்புறம் பெயிண்ட்.

ஞாயிறு

பகல் 1.15, முகில்: ஓடுகிறது!!! நீலக் கலர் வைத்திருக்கிறேன், எல்லாரும் பாருங்கள்.

பகல் 1.22, பெரியப்பா: அழகாக இருக்கிறது. யாழினி, எர்த் சரிபார்த்த பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்தாயா?

பகல் 1.26, யாழினி: பின்பக்கத் திருகில் வைத்தேன் பெரியப்பா. எரியவில்லை. அம்மாவும் வெறுங்காலோடு நின்று தொட்டுப் பார்த்துவிட்டார்.

பகல் 1.27, பெரியப்பா: அது போதும்.