புதுப்பிப்பு: ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பிழைக்குக் காரணம் கிடைத்தது

திருகோணமலை உட்துறைமுகத்து நீர்மட்டத்தைப் பதிய வைத்திருக்கும் ‘ராஸ்பெரி பை 3’ என்ற சிறு கணினி பற்றி முன்பு கேட்டிருந்தேன். மடிக்கணினியில் கம்பைல் செய்து (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றி) அதில் ஏற்றிய நிரலை ஓட்டினால், ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றது. கோப்போ கண்முன்னே கிடக்கிறது!

உப்புவெளித் தம்பி ஒருவர் ‘ஃபைல்’ கட்டளையால் நிரலைப் பார்க்கச் சொன்னார். நிரல் கேட்ட லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றி ஓடவைக்கும் துணை நிரல்) ‘எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3’. ராஸ்பெரி பையின் 32 பிட் இயங்குதளத்தில் இருப்பதோ ‘எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3’. ஆக, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தேடிக் காணாதது நிரலை அல்ல, அதை ஏற்றிவிடும் லோடரை. பிழைச்செய்தி அதைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

வித்தியாசம் கம்பைலரின் பெயரிலேயே இருக்கிறது. ‘ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐ’ என்பதில் முதலில் பிராசசர், அப்புறம் இயங்குதளம், கடைசியில் ஏபிஐ (கம்பைல் ஆன நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறை). அதோடு ‘எச்எஃப்’ ஒட்டியிருந்தால் ஹார்ட் ஃப்ளோட்: தசம எண்கள் அவற்றுக்கென பிராசசருக்குள் உள்ள ரெஜிஸ்டர்கள் (சிறு சேமிப்பிடங்கள்) வழியே ஃபங்ஷனுக்குப் போகும். எங்களுக்கு வேண்டியது அதுதான்; நான் முதலில் பயன்படுத்தியது ‘எச்எஃப்’ இல்லாதது. கம்பைலரை மாற்றியதும் ஓடியது. ‘ஆர்ம்-நன்-இஏபிஐ’ வேறு கதை, அது இயங்குதளமே இல்லாத மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு.

ராஸ்பெரி பை ஜீரோ (இதே வரிசையின் இன்னும் சிறிய கணினி) வைத்திருப்பவர்கள் கவனம். டெபியன் லினக்ஸின் எச்எஃப் கம்பைலர் ஆர்ம்வி7 வகைப் பிராசசரை எதிர்பார்க்கும். முதல் ஜீரோவில் இருப்பது பழைய ஆர்ம்வி6. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நின்றுவிடும்.

கம்பைல் செய்யுமுன் ஓட்டும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டில் எதைக் கொடுப்பது என்று கேட்டவருக்கு: நிரல் ஓடப்போகும் இயந்திரத்தை ‘ஹோஸ்ட்’ என்றே கொடுங்கள். ‘டார்கெட்’ கம்பைலரையே கட்டுபவர்களுக்கானது.