புதுப்பிப்பு: எக்ஸ்-விங் ஆட ஆரம்பித்தாச்சு

மேசை மேல் விண்கலங்களை வைத்து ஆடும் விளையாட்டில் புதிதாக வருகிறவர் எதில் தொடங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன், நிறைய பேர் ஸ்டார் வார்ஸ் கலங்களை வைத்து ஆடும் எக்ஸ்-விங்தான் என்றீர்கள். 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியை வாங்கிவிட்டேன்: எக்ஸ்-விங் என்றே பெயருள்ள கலம் ஒன்று, டை ஃபைட்டர் கலம் இரண்டு, மூன்றுமே பெயின்ட் அடித்தே வருகின்றன.

ஆட்டத்தின் உயிரே டயல்தான், அதாவது கலத்தின் நகர்வைச் சுழற்றித் தேர்ந்தெடுக்கும் வட்டு. கலம் எப்படித் திரும்பவேண்டும் என்று எதிராளிக்குத் தெரியாமல் டயலில் வைத்துக் கவிழ்த்துவிடுகிறோம், அப்புறம் விமானி அட்டையில் எண் குறைந்தவர் முதலில் நகர்கிறார், சுடும்போது எண் கூடியவர் முந்திக்கொள்கிறார். தம்பி இரண்டு டையையும் ஒரே இடத்துக்குத் திருப்பினான். பின்னால் வந்தது முதலாவதில் முட்டி நின்றது, பெட்டியிலுள்ள விதிப்படி அதற்கு அந்தச் சுற்றில் ஆக்‌ஷன் கிடையாது, அதாவது நகர்ந்தபின் செய்யும் கூடுதல் செயல் எதுவும் இல்லை, பகடைப் பலனைக் கூட்டும் ஃபோகஸ்கூட எடுக்க முடியாது. கிட்டே போய்ச் சுட்டால் ஒரு சிவப்புப் பகடை கூடுதல், தூரமென்றால் தப்பிப்பவருக்கு ஒரு பச்சை கூடுதல். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். 2024-இல் இதை வெளியிட்ட நிறுவனம் மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது, அதனால் பழைய பெட்டி நல்ல விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். அடுத்து ஒய்-விங் என்ற கலத்தைத் தேடுகிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.