ஒரு மாடி, நாலு வீடு: சோலார் கரண்டைப் பங்கு போட்டுக்க முடியுமா?

காரிமங்கலத்தான்:
காரிமங்கலம் பக்கம் கிராமம். பங்காளிங்க நாலு வீடும் ஒரே வரிசையில இருக்கு. கான்கிரீட் மாடி எனக்கு மட்டும்தான். சித்தப்பாவுக்கு ஓட்டு வீடு, கடைசி வீட்டு மேல புளியமரம், மதியம் ரெண்டு மணிக்கே நிழல் கட்டிடும். அண்ணன் வீட்டை ஒட்டி மாவு மில் வச்சிருக்கார். என் மாடியில பத்து கிலோவாட் போட்டு நாலு பேரும் செலவைப் பிரிச்சுக்கலாம்னு பேச்சு. ஐரோப்பாவில ஊர்க்காரங்க சேர்ந்து இப்படிச் செய்றாங்களாமே, வீட்டுக்கு வீடு வயர் இழுக்கறாங்களா?

பாலக்கோடு வயர்மேன்:
தம்பி, எதுவானாலும் உங்க மீட்டர்லேருந்து பக்கத்து வீட்டுக்கு மட்டும் வயர் இழுத்துடாதீங்க. பங்காளியா இருந்தாலும் அது விதிமீறல்தான். அதைவிட, லைனை ஆஃப் பண்ணிட்டு கம்பத்துல ஏறறவனுக்கு எந்தப் பக்கத்திலேருந்து கரண்ட் வரும்னே தெரியாமப் போயிடும். சப்ளை போனா சோலார் இன்வெர்ட்டர் தானா நிக்கறது இதுக்குத்தான். அந்த உயிரை நினைச்சு சொல்றேன்.

கிருஷ்ணகிரி டூ டூரின்:
அண்ணா, நான் இத்தாலியில இருக்கேன். இங்கயும் தனி வயர் கிடையாது. கரண்ட் பொதுக் கம்பியிலதான் போகுது, பங்கு கணக்குல மட்டும். ஊர்க்காரங்க சேர்ந்து ஒரு சங்கம் வைப்பாங்க, அதுல உறுப்பினருங்க எல்லாரும் ஒரே துணைமின் நிலையத்துக்குக் கீழ இருக்கணும், ஒரு பிளான்ட் 1 மெகாவாட்டைத் தாண்டக்கூடாது. கணக்கு மணிக்கு மணி நடக்கும். பத்துலேருந்து பதினொண்ணுக்குள்ள பேனல் 12 யூனிட் கம்பிக்கு அனுப்புது, உறுப்பினருங்க எல்லாருமா 7 யூனிட் எடுத்தாங்கன்னா, பகிர்ந்தது 7. ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்லயும் லைட் எரியும், ஆனா பகிர்ந்தது பூஜ்யம். அந்தப் பகிர்ந்த யூனிட்டுக்குத்தான் அரசு 20 வருஷம் ஊக்கத்தொகை தருது. மிச்சத்தை வழக்கம்போல விக்கலாம். வந்த பணத்தை எப்படிப் பிரிக்கறதுன்னு சங்கமே முடிவு பண்ணும். அவங்கவங்க பில்லை அவங்கவங்கதான் கட்டணும்.
அதனால பேனல் எத்தனைங்கறதைவிட, வெயில் நேரத்துல யார் கரண்ட் எடுக்கறாங்கங்கறதுதான் முக்கியம். உங்க கூட்டத்துல தங்கமான ஆள் மில்லுக்கார அண்ணன்தான்!

காரிமங்கலத்தான்:
மில்லு பத்து மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஓடும். நம்ம ஊர்ல இதே மாதிரி கணக்கு போட்டுத் தருவாங்களா?

அரூர் சோலார்:
டெல்லியில 2019-லயே விர்ச்சுவல் நெட் மீட்டரிங் வந்துடுச்சு. அதாவது ஒரு இடத்துல உற்பத்தி பண்ணி, அந்த யூனிட்டைப் பல பில்லுல கழிச்சுக்கறது. நம்ம ஊர்ல இது கிடைக்குமான்னு நீங்க முதல்ல நாலு வீட்டு இணைப்பு எண்ணோட மின்வாரிய செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க. பதில் கையில வராம பத்து கிலோவாட்டுக்குப் பணம் போடாதீங்க. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தர்ற பிஎம் சூர்ய கர் மானியம் வீட்டு இணைப்புக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் அதே தொகைதான். உங்க வீட்டுத் தேவைக்கு மட்டும் உங்க மாடியில போடுங்க. மில்லுக்கு மில்லு கூரையிலயே போட்டா பகல்ல வர்றது அங்கேயே செலவாகிடும்.

காரிமங்கலத்தான்:
மில்லுக்கு மேல சிமெண்ட் ஷீட் ஆச்சே, தாங்குமா?

பாலக்கோடு வயர்மேன்:
ஷீட் மேல ஏத்தாதீங்க தம்பி. பக்கத்துல கான்கிரீட் அஸ்திவாரம் போட்டு இரும்புக் கால் நிறுத்தி அது மேல போடலாம். செலவு கொஞ்சம் கூடும். புளியமரத்து நிழல் எது வரைக்கும் வருதுன்னு மார்கழியில ஒரு தடவை பார்த்துட்டு இடம் குறிங்க, அப்பதான் நிழல் நீளமா விழும்.