பதில் கடிதம் எங்கே?

குழு: நம்ம வீடு
வியாழன் இரவு

தாரிணி (8:42): ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய காதல் கடிதங்கள்தான் தலைப்பு. தலைப்பு நான் கொடுத்ததில்லை. சுமதி சித்தி, காப்பாற்றுங்கள்.

கார்த்திக்: நீயேதான் கொடுத்திருப்பாய்.

சுமதி சித்தி: ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங்கில் ஆரம்பி. 1845 ஜனவரி 10. எலிசபெத் பேரட்டை ராபர்ட் பிரௌனிங் நேரில் பார்த்ததே இல்லை. உங்கள் கவிதைகளை முழு மனதோடு நேசிக்கிறேன் என்று கடிதத்தைத் தொடங்குகிறார். அதே கடிதம் முடிவதற்குள் உங்களையும் நேசிக்கிறேன் என்றும் எழுதிவிடுகிறார்.

கார்த்திக்: முதல் மெசேஜிலேயேவா! இன்றைக்கு என்றால் பிளாக்தான்.

சுமதி சித்தி: அந்த அம்மாள் மறுநாளே பதில் போட்டார். அவருக்கு 38 வயது, இவரைவிட ஆறு வயது மூத்தவர், அப்போது இவரைவிடப் பெயர் பெற்ற கவிஞர். உடம்பு சரியில்லாமல் அறையை விட்டு அதிகம் வெளியே வராதவர். பிள்ளைகள் யாரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று அப்பா பிடிவாதம். நேரில் பார்க்கவே மே மாதம் ஆகிவிட்டது. இருபது மாதத்தில் இரண்டு பேருமாக 570-க்கு மேல் கடிதங்கள்.

பெரியம்மா: வேலை எப்போதடி பார்த்தார்கள்?

சுமதி சித்தி: அவர்களுக்கு வேலையே எழுதுவதுதானே அக்கா. 1846 செப்டம்பரில் யாருக்கும் தெரியாமல் கல்யாணம். ஒரு வாரத்தில் இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அப்புறம் அநேகமாகப் பிரிந்ததே இல்லை, அதனால் காதல் கடிதமும் இல்லை.

தாரிணி: சித்தி, இது அருமை!

சுமதி சித்தி: இன்னொன்றும் சேர்த்துக்கொள். எலிசபெத்தின் லண்டன் வீட்டு வாசல் கதவு இப்போது அமெரிக்காவில் வெல்லெஸ்லி கல்லூரியில் இருக்கிறது. கடிதம் போடும் பித்தளைத் துவாரத்தோடு. காதலர் தினத்துக்கு மாணவிகள் அதில் கடிதம் போடுகிறார்கள்.

பெரியம்மா: அந்தக் கடிதம் எல்லாம் எப்படி வெளியே வந்தது? இரண்டு பேருடையதுமா?

சுமதி சித்தி: ஆமாம் அக்கா. ராபர்ட் மற்ற கடிதங்கள் நிறையவற்றை எரித்துவிட்டார். இவற்றை மட்டும் வரிசையாக எண் போட்டு ஒரு பெட்டியில் வைத்திருந்தார். நான் போன பிறகு உன் இஷ்டம் என்று மகனிடம் சொல்லிவிட்டார். மகன் 1899-இல் அச்சிட்டுவிட்டார்.

பெரியம்மா: நல்ல மகன்!

கார்த்திக்: பெரியம்மா சொல்வது பாராட்டா திட்டா?

தாரிணி: பிராக் நகர எழுத்தாளர் காஃப்காவைச் சொல்லட்டுமா? மிலேனா யெசென்ஸ்கா பத்திரிகையாளர், எழுத்தாளர். காஃப்கா ஜெர்மனில் எழுதியதைச் செக்கில் மொழிபெயர்த்தார். 1920-இல் அப்படித்தான் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. அந்த வருடம் வியன்னாவில் நான்கு நாள், எல்லை ஊரான க்முண்டில் ஒரு நாள். சேர்ந்து இருந்தது அவ்வளவுதான். எழுத்தில் அனுப்பும் முத்தங்கள் போய்ச் சேருவதில்லை, வழியிலேயே பேய்கள் குடித்துவிடுகின்றன என்று அவளுக்கு எழுதுகிறார்.

கார்த்திக்: நெட்வொர்க் பிரச்சினை.

பெரியம்மா: சும்மா இருடா. அதற்கு அந்தப் பெண் என்ன எழுதினாள்?

தாரிணி: தெரியாது பெரியம்மா. மிலேனாவின் கடிதங்கள் கிடைக்கவில்லை. காஃப்கா எழுதியதை மிலேனா தன் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்ததால் அவை தப்பின. 1952-இல் புத்தகமாக வந்தன. மிலேனா 1944-இல் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்துவிட்டார்.

பெரியம்மா: அவனுடையதை அவள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அவளுடையது எங்கே?

(கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை.)

சுமதி சித்தி: ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் கதை இன்னும் மோசம் அக்கா. அவர் காதலி ஃபேனி ப்ரான் எழுத்தாளர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ரோமில் சாகக் கிடந்தபோது ஃபேனியின் கடைசிக் கடிதங்களைக் கீட்ஸ் பிரிக்கவே இல்லை. மனசு தாங்காது என்று. பிரிக்காமலே அவரோடு புதைத்தார்கள். கீட்ஸ் எழுதியவற்றை அவள் சாகும்வரை வைத்திருந்தாள்.

பெரியம்மா: இதெல்லாம் ஆண்கள் வேலையாகவே இருக்கிறதே.

சுமதி சித்தி: அப்படியும் சொல்ல முடியாது. பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் அமெரிக்க நாவலாசிரியர் நெல்சன் ஆல்கிரனுக்கு எழுதிய 300-க்கும் மேற்பட்ட கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. பாரிஸுக்கும் சிகாகோவுக்கும் நடுவே. அதில் ஆல்கிரனின் பதில்கள் இல்லை. உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி தரவில்லை. இந்த உறவைப் பொவ்வார் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியதில் ஆல்கிரனுக்குத் தீராத கோபம். ஆனால் அவர் கொடுத்த மோதிரத்தோடுதான் பொவ்வாரை அடக்கம் செய்தார்கள்.

கார்த்திக்: எழுத்தாளரைக் காதலித்தால் ரகசியம் என்று ஒன்று கிடையாது போல.

தாரிணி: இரண்டு பக்கமும் கிடைத்தால்தான் சண்டையும் புரிகிறது. வர்ஜீனியா வூல்ஃப், வீட்டா சாக்வில்-வெஸ்ட், இரண்டு பேரும் ஆங்கில எழுத்தாளர்கள். 1926 ஜனவரியில் வீட்டா பாரசீகத்துக்குப் பயணம் போகும் வழியில் எழுதுகிறார்: வர்ஜீனியா வேண்டும் என்று ஏங்கும் ஒரு பொருளாகிவிட்டேன், நீ என்றால் இவ்வளவு எளிமையான ஒரு வாக்கியத்தை எழுத மாட்டாய் என்று. அதற்கு வர்ஜீனியா, எனக்கு உணர்ச்சியே இல்லை, வார்த்தை அலங்காரம் செய்கிறேன் என்று ஏன் நினைக்கிறாய் என்று கேட்கிறார். வீட்டாவின் கடிதம் மட்டும் கிடைத்திருந்தால் வர்ஜீனியாவைக் கல்நெஞ்சுக்காரி என்றே நினைத்திருப்போம்.

சுமதி சித்தி: பிடித்துவிட்டாய். உன் பேச்சு இதுதான். ஒருவரின் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருவரின் காதலைப் பற்றிப் பேசுகிறோம்.

பெரியப்பா (9:31): புதுமைப்பித்தனை விட்டுவிட்டீர்களே.

கார்த்திக்: பெரியப்பா விழித்திருக்கிறார்!

பெரியப்பா: "கண்மணி கமலா" என்று கூப்பிடுவார். அந்தக் குழைவு தீர்வதற்குள் பணக் கஷ்டம் வந்துவிடும். கடிதத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. கடைசியில் சினிமா வேலையாகப் புனே போய், காசநோயோடு திரும்பி, 1948-இல் போய்விட்டார். கமலாவும் சிறுகதை எழுதியவர். அதையும் சொல் தாரிணி. மனைவி என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே.

தாரிணி: கண்டிப்பாகச் சொல்கிறேன் பெரியப்பா.

பெரியம்மா: ரொம்ப நியாயம் பேசுகிறார். கல்யாணத்துக்கு முன்பு இவர் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் துணிப் பெட்டிக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. நான் எழுதியது எங்கே என்று கேளுங்கள்.

சுமதி சித்தி: அத்தான்?

கார்த்திக்: பெரியப்பா, சபை காத்திருக்கிறது.

பெரியப்பா: வீடு மாறும்போது எங்கேயோ...

பெரியம்மா: வீடு மாறும்போது! பழைய மின்கட்டண ரசீதெல்லாம் தேதி வாரியாக வைத்திருக்கிறாரே, அது தொலையவில்லையா?

சுமதி சித்தி: அத்தான், இதற்குப் பதில் இல்லை. சரணடைந்துவிடுங்கள்.

(9:44 முதல் 9:52 வரை பெரியப்பா தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.)

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கார்த்திக்: ஐயோ! என்ன போட்டீர்கள் பெரியப்பா? நான் திறப்பதற்குள் போய்விட்டதே.

தாரிணி: எனக்கும் தெரியவில்லை. நீளமாக இருந்த மாதிரி இருந்தது. சித்தி?

சுமதி சித்தி: நான் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா: நான் படித்துவிட்டேன்.

தாரிணி: என்ன எழுதியிருந்தார் பெரியம்மா? என் பேச்சுக்கு வேண்டும்.

பெரியம்மா: அது எனக்கு எழுதியது.

கார்த்திக்: குழுவில்தானே போட்டார்!

பெரியம்மா: தவறிப் போட்டுவிட்டார். நேரமாகிறது, போய்த் தூங்கு.