கல்லடி, நாவற்குடாப் பக்கம் பெரிய வளவு வீடு வாங்குமுன்: வீடு பார்த்துப் பழகியவர்கள் சொல்பவை

கேள்வி:
மட்டக்களப்பு, கல்லடியில் 20 பேர்ச்சஸ் வளவு. கீழே நாலு அறை, பெரிய கூடம், முன்னும் பின்னும் விறாந்தை, பின்பக்கம் கிணறு. கீழ் வீடு 1980களில் கட்டியது; மேல்மாடி 2005க்குப் பிறகு போட்டது. வீட்டைப் பார்க்கப் போகும்போது எதை எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டட வேலை மேற்பார்வை செய்பவர்:
தம்பி, உள்ளே போக முதல் ஒழுங்கையில் நின்று வளவைப் பாருங்க. கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற மணல் தரை. பழைய குடியிருப்புகளில் ஒழுங்கைக்கு முதலில் கிரவல் போட்டு, பிறகு கொங்கிறீற் போட்டு ரோட்டு உயர்ந்துகொண்டே வந்திருக்கும். வளவு பழைய மட்டத்திலேயே நிற்கும். தண்ணி ரியூப் (மட்டம் பார்க்கத் தண்ணி நிரப்பிய குழாய்) பிடித்து ரோட்டின் நடு மட்டத்தையும் வீட்டுக்குள் நிலத்தின் மட்டத்தையும் ஒப்பிடுங்க. வீட்டு நிலம் ஒன்றரை அடியாவது மேலே இருந்தால் நல்லது. அரை அடிதான் என்றால் மாரியில் ரோட்டுத் தண்ணி வளவுக்குள் இறங்கும், திரும்பிப் போக வழி இருக்காது. முகத்துவாரம் வெட்டிவிடும்வரை வாவி ஏறி நிற்கிற நாட்களில் வடிகானும் தண்ணியை வாங்காது. 2011 தை மாத வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்று அயலில் இரண்டு வீட்டில் விசாரிங்க.

கூடத்துச் சுவரில் மூன்று, நாலு அடி உயரத்துக்கு மாபிள் ஒட்டியிருந்தால் அதை அழகுக்கு ஒட்டியது என்று விட்டுவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அது உப்புச் சுவரை மறைக்க ஒட்டுவது. கடல் மணல் கலந்து பூசியது, சவர்த் தண்ணியில் கலவை குழைத்தது, 2004 மார்கழி 26இல் கடல் ஏறி நின்றது என்று உப்புக்குக் காரணம் பல. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பும் கரைந்து கூடவே ஏறும். மேலே வந்து காயும்போது பூச்சுக்குள் பளிங்காகி வளர்ந்து பூச்சைத் தள்ளும். பெயின்ற் அடித்து அதை நிறுத்த முடியாது. மாபிள் ஒட்டினால் ஈரம் மாபிளுக்கு மேல் விளிம்பில் போய் வெளிவரும். ஆகவே மாபிள் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தைக் கையால் தடவிப் பாருங்க. மா மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்தச் சுவரின் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் ஒரு அடி வரை கொத்தி எடுத்து, மாதக்கணக்காகக் காயவிட்டு, கழுவிய ஆற்று மணலில் திரும்பப் பூச வேண்டும். அத்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. (நிலத்து ஈரம் சுவருக்கு ஏறாமல் தடுக்கும் படை) இல்லாத வீடென்றால் அதுவும் நிரந்தரத் தீர்வில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பி. தூணின் அடி இரண்டு அடி, குளியலறைக்கு மேலுள்ள சிலாப்பின் அடிப்பக்கம், ஜன்னல் சண்சேட், பல்கனி விளிம்பு என்று இந்த நாலு இடத்தையும் நேரம் எடுத்துப் பாருங்க. கம்பி ஓடுகிற திசையிலேயே நேர்கோடாக வெடிப்பு, அதன் ஓரத்தில் தேயிலைச் சாயம் போலக் கறை, ஐந்து ரூபாக் குற்றியால் தட்டினால் பொள்ளல் சத்தம் என்று மூன்றும் சேர்ந்து கண்டால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். மேலே சீமெந்து அப்பி மூடிய தூண் வெளியில் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் சொன்ன வீட்டில் எனக்கு முதற் கவலை அந்த மேல்மாடிதான். மேலே உள்ள தூண்கள் கீழ்த் தூண்களுக்கு நேரே இறங்குகின்றனவா, இல்லை சீமெந்துக்கல் சுவரில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்க. நாலு அங்குலக் கல்லில் கட்டிய அறைப் பிரிப்புச் சுவர் சிலாப்பைத் தாங்கக் கட்டியது அல்ல. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகக் கல் பொருத்துகளைப் பின்பற்றி வெடிப்பு ஏறினால் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. நகக்கீற்றுப் போன்ற பூச்சு வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். 5 மில்லிமீற்றருக்கு மேல் போன வெடிப்பு என்றால் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்கத்தான் வேண்டும். மாநகர சபை அங்கீகரித்த வரைபடம் இரண்டு மாடிக்கும் இருக்கிறதா, கட்டி முடித்தபின் கொடுக்கும் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்க. கீழ் வீட்டுக்கு மட்டும் வரைபடம் இருந்தால் வங்கி மதிப்பீட்டாளர் மேல்மாடியைக் கணக்கில் எடுக்காமல் விடவும் கூடும்.

ஓடாவி (கூரை மரவேலை செய்பவர்):
மேல்மாடி மூடாத பக்கம் கூரை ஓடுதானே? நடுப்பகலில் சீலிங் துவாரத்தால் ஏறி, ரோச்சை அணைத்துவிட்டுப் பாருங்க. வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் ஒழுக்கு. பிறகு ரோச் போட்டு வளை (கிடையாக ஓடும் பெரிய மரம்), கைமரம் (அதன்மேல் சரிவாக இறங்கும் மரம்), சலாகை (ஓட்டைத் தாங்கும் சட்டம்) மூன்றையும் தனித்தனியாகப் பாருங்க. முதிரை வளை இருந்தால் அந்தக் கூரைக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. சலாகை மாற்றினால் போதும். சுவருக்கும் மரத்துக்கும் இடையில் மண் குழாய் ஓடினால் கறையான்.

எங்கள் ஊரில் மாரி மழை வாடைக் காற்றோடு வடகிழக்கால் அடிக்கும். கைமர நுனிகள் அந்தப் பக்கத்துத் தாவாரத்தில்தான் முதலில் உக்கும். ஸ்குறூ டிறைவரால் குத்துங்க, கால் அங்குலம் இறங்கினால் நுனி போய்விட்டது. 1978 கார்த்திகை 23 சூறாவளியில் ஓடு மட்டுமா போனது, கூரையே முழுசாகக் கிளம்பிய வீடுகள் எத்தனை! ஆகவே சுவர்த்தலை வளையைச் சுவருக்குள் கம்பி விட்டு முறுக்கியிருக்கிறதா, சும்மா வைத்துப் பூசியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்க. தென்னை கூரைக்கு மேல் சாய்ந்து நின்றால் அதை வெட்டுகிற செலவும் உங்களுடையதுதான்.

கிணறு, குழாய் வேலை செய்பவர்:
குழாய்த் தண்ணி உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. அதற்காகக் கிணற்றைப் பார்க்காமல் விடாதீங்க. இந்த மணலில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிறது. கச்சான் காலத்தில், ஆடி ஆவணியில் போய், மோட்டர் போட முதல் ஒரு போத்தல், அரை மணி நேரம் இறைத்தபின் ஒரு போத்தல் எடுங்க. இரண்டாவது கரித்தால் அந்தக் கிணறு பெரிய மோட்டருக்குத் தாங்காது, கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவாக்க என்று விழுந்து விழுந்து இறைத்த இடங்களில் உப்புக் கூடினதும் இதனால்தான். குடிக்கிற தண்ணிக்கு இலங்கைத் தரத்தில் கரைந்த திண்மம் லீற்றருக்கு 500 மில்லிகிராம், குளோரைட் 250, நைத்திரேற்று 50 என்பவை மேல் எல்லை. நைத்திரேற்றும் கிருமியும் கூடியிருந்தால் மலகூடக் குழிதான் முதற் சந்தேகம்.

குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அயல் வீட்டுக் குழியையும் கேளுங்க. மார்கழியில் இன்னொரு தடவை போய் மலகூடத்தில் நாலைந்து வாளி தண்ணி அடுத்தடுத்து ஊற்றுங்க. குமிழியிட்டு மெல்ல இறங்கினால் குழியின் அடி நிலத்தடி நீருக்குள் நிற்கிறது. பவுசர் வந்து உறிஞ்சிப் போனாலும் ஊற்று நீர் திரும்ப நிரப்பும். அந்த பவுசர் ஒழுங்கைக்குள் திரும்புமா என்பதையும் பார்த்து வையுங்க.

மின் வேலை செய்பவர்:
ட்ரிப் சுவிட்ச்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்துங்க. உடனே விழ வேண்டும். அது 30 மில்லி அம்பியர் வகையா என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். 1980களின் வயரில் மேல்மாடி ஏசிகளையும் இழுத்திருந்தால் சுவிட்ச் பலகையைத் திறந்து, வயர் உறை கருகியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்க. முழு வீட்டுக்கும் புது வயர் இழுக்கிற செலவை விலை பேச முதல் எழுதிக்கொள்ளுங்க.

கேட்டவர்:
நன்றி. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இது தாய் தகப்பன் மகளுக்குச் சீதனமாக எழுதின வீடு. மகள் குடும்பம் வெளிநாட்டில். மருமகன்தான் விலை பேசுகிறார்.

காணி உறுதிகள் பார்க்கும் சட்டத்தரணி:
அப்படியென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் உறுதியை வாங்கிப் பாருங்க. மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குப் போவது வழக்கம். அதனால் பேசுகிறவர் ஒருவராகவும் உரித்தாளர் இன்னொருவராகவும் இருப்பது சாதாரணம். மருமகனின் கையெழுத்தால் அந்த வீட்டில் உங்களுக்கு ஒரு உரிமையும் வராது. சீதன, நன்கொடை உறுதிகளில் தாய் தகப்பன் தங்கள் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கி எழுதியிருப்பார்கள். உயிரோடு இருந்தால் இருவரும் அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும், காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். ஒருவர் இறந்ததை மட்டும் காட்டி, மற்றவர் பின்அறையில் இருக்கும்போதே விற்க வருகிறவர்களும் உண்டு. மகள் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்திட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் அது இலங்கையில் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்க. கொடுத்தவர் இறந்துவிட்டால் அது செல்லாது.

காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். வங்கியும் அதைத்தான் கேட்கும். தொடர் ஒரு பிரகடன உறுதியில் தொடங்கினால், அதற்கு முன் யார் ஆண்டார்கள் என்பதை அயலில் விசாரிங்க. 10 வருட ஆட்சியைச் சொல்லி ஒருவர் தன் பெயருக்கே எழுதிக்கொண்ட உறுதியாக அது இருக்கலாம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த பேர்மிட் அல்லது அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்பனை செல்லாது. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் வளவு விழுந்தால், இனி எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து படம் எடுங்க. 20 பேர்ச்சஸ் என்றால் 5,445 சதுர அடி. மதில் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தாலோ ஒழுங்கைக்கு விட்டுக்கொடுத்திருந்தாலோ 18 தான் தேறும், விலையையும் அந்த 18க்கே பேசுங்க. வீதிக்கோட்டுச் சான்றிதழும் (வீதி எல்லைக்கோடு வளவில் எங்கே விழுகிறது என்று காட்டுவது) ஆதனவரி நிலுவை இல்லை என்ற கடிதமும் மாநகர சபையில் எடுக்கலாம்.

முற்பணத்தை வெறும் ரசீதில் கொடுக்காதீங்க. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்கிற உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதினால்தான் வலுவாகும். சீவிய உரித்து நீக்கம், புதிய அளவைப் படம், மேல்மாடி வரைபடம் மூன்றையும் எந்தத் திகதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் முற்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று அதிலேயே எழுதி, அந்த உடன்படிக்கையைப் பதிவகத்திலும் பதிந்துவிடுங்க.