கிருபை இலவசம் என்றால் "பின்பற்றுகிறவன்" எதற்கு?

நெல்லைப்பையன்:
ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தாலே எங்கள் வீட்டில் இந்தச் சண்டைதான். அம்மா நாற்பது நாளும் மீன், கறி தொடமாட்டார்கள். தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, "நாம செய்கிற கிரியையால் ஒன்றும் ஆகாதும்மா, கடவுள் இலவசமாகத் தரும் கிருபையால்தான் மீட்பு, எபேசியர் 2:8 படிங்க" என்று சாப்பிடும்போதே தொடங்கிவிடுகிறான் (அவன் சபையிலும் உபவாசக் கூட்டம் உண்டு, அது வேறு கதை). என் சந்தேகம் இதுதான். யோவான் 8:12-ல் உலகத்திற்கு ஒளி நான் என்று சொன்ன இயேசு, என்னைப் பின்பற்றுகிறவன்தான் இருளில் நடக்கமாட்டான் என்கிறார். பின்பற்றுவதும் ஒரு கிரியைதானே?

வேப்பமரநிழல்:
தம்பியை 2:10 வரைக்கும் படிக்கச் சொல்லுங்க பிரதர். நற்கிரியை செய்யவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கேயே இருக்கிறது. அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறோம், கழுவினதால் சோறு கிடைத்தது என்று யாராவது சொல்வார்களா?

பழையசுவடி:
அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு தன் நிருபத்தில் (கடிதத்தில்) எழுதினதை, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூத்தரால் ஜீரணிக்க முடியவில்லை, 1522-ல் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார். கத்தோலிக்கரும் லூத்தரன்காரர்களும் கிருபையால்தான் மீட்பு என்று சேர்ந்து கையெழுத்துப் போட 1999 ஆனது.

கடைசிபெஞ்சு:
8-ஐ விட்டு 9-ஆம் அதிகாரத்துக்கு வாங்க. ஒளி என்று சொன்னவர் அங்கேதான் அதைச் செய்து காட்டுகிறார். பிறவிக் குருடன் பார்வை வேண்டும் என்று கேட்கவே இல்லை, இவராகவே சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்கிறார். (2004-ல் எருசலேமில் அந்தக் குளத்தின் படிகளைத் தோண்டி எடுத்தார்கள்.) அவனும் சேறு பூசின முகத்தோடு, வழி தெரியாமல் தடவித் தடவித்தானே போயிருப்பான்? அந்த நடைக்குக் கூலியா பார்வை? ஆனால் போகாமல் உட்கார்ந்திருந்தால்? அதைவிட, பார்வை வந்த பிறகும் இயேசுவின் முகம் அவனுக்குத் தெரியாது. ஜெப ஆலயக்காரர்கள் வெளியே தள்ளின பிறகு அவரே தேடி வந்தபோதுதான் முதல்முறை பார்க்கிறான். பின்பற்றுவது அதற்கப்புறம்தான் வருகிறது.

நெல்லைப்பையன்:
இதை அப்படியே வீட்டில் வாசித்துக் காட்டினேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "சரி, அதுக்காக நாளைக்கு மீன் கேட்காதீங்க" என்றார்கள்.